ஏழு நிமிட இலை

என் மச்சினன் அந்த இலையைக் கடித்தபோது மணி பதினொன்று இருபது. கடிப்பதற்கு முன் அவனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொன்னான்.

"பதினொண்ணு இருபது, அத்தான். உங்க அட்டைப்படி பார்த்தா பதினொண்ணு இருபத்தேழுக்கு நான் போய்ச் சேர்ந்துடணும். சேரலைன்னா நீங்க அந்த அட்டையைத் தின்னணும். அக்கா, நீதான் சாட்சி."

சோபாவில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. "விளையாட்டுக்குக்கூட அதுகிட்ட போகாதேடா. ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தி முப்பது வயசாகுது, வெக்கமா இல்ல?" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் எழுதினது நிஜம்னா நான் பொறந்ததே பொய், அக்கா."

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காமல் என்ன செய்வது? அட்டையை எழுதியவன் நான். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

முப்பத்தொரு வருடம் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு பெரிய அலுவலகத்தின் கிடங்கு என் ராஜ்யம். சாவிக்கொத்தின் கனத்தில் என் இடது தோள் வலது தோளைவிட நாலு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. தையற்காரன் இன்றுவரை திட்டிக்கொண்டேதான் அளவெடுக்கிறான். குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை எது உள்ளே வந்தாலும் அதற்கு ஓர் அட்டை உண்டு. பொருள், வந்த இடம், வந்த தேதி, எச்சரிக்கை. அட்டை இல்லாத பொருள் என் கண்ணுக்குத் தெரியாது. அட்டையின் மகிமையை நான் தெரிந்துகொண்டதும் அங்கேதான். ஓர் அலமாரியில் 'அமிலம். திறக்காதே' என்று எழுதித் தொங்கவிட்டு உள்ளே என் பிஸ்கட்டை வைத்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கைகூட அதைத் தொட்டதில்லை. தீயணைப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள்கூட அந்த அலமாரிக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற மாதம் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. வரவேற்பறை மூலையில் நின்ற ஒரு தொட்டிச் செடி மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாததை ஏற்றிக்கொண்டு போகவும் வழியில்லை, தூக்கி எறியவும் வழியில்லை. பாவம், அனாதையாக நின்றது. தத்து எடுத்துக்கொண்டேன்.

வந்தபோது என் முழங்கால் உயரம். மூன்று வருடத்தில் அது வளர்ந்த வளர்ச்சியைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது. சுருட்டி வைத்த பாய் மாதிரி ஒரு குருத்து கிளம்பும். ராத்திரி படுக்கப் போகும்போது பாய். காலையில் எழுந்து வந்தால் பச்சையும் வெள்ளையுமாக ஒரு இலை கூடத்தில் விரிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை அது இலை விரித்தபோது எதிர் வீட்டில் இருட்டிவிட்டதென்று விளக்குப் போட்டார்கள். விடியற்காலையில் இலை நுனியில் சொட்டுத் தண்ணீர் தொங்கும். நான் ஊற்றியதில்லை, நாலாவது மாடி வீட்டுக்குள் மழையும் பெய்வதில்லை. முதல் தடவை அதைப் பார்த்த அன்று, இது அழுகிறதா, எச்சில் ஊறுகிறதா என்று தெரியாமல் குலை நடுங்கி நின்றேன்.

பயந்தேனே தவிரப் பராமரிப்பில் குறை வைத்ததில்லை. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலை துடைப்பு. வெளிச்சத்துக்காக அது ஜன்னல் பக்கமே சாயும் என்பதால் வாரா வாரம் தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைப்பேன். துடைக்கும்போது முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன். செடிக்கு ஏது முகம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து துடைத்துப் பார்க்கட்டும்.

தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் நட்டு வளர்க்க ஒரு துண்டு கேட்டார்கள். கீழ் வீட்டு அம்மா கத்தரிக்கோலோடே வந்தாள். கொடுக்க மனமில்லை, மறுக்க முகமில்லை. கிடங்குப் புத்தி வேலை செய்தது. அட்டை எழுதித் தொட்டியில் குத்தினேன்:

பொருள்: ராட்சச நாக்கு.
வந்த இடம்: அடர்வனம்.
எச்சரிக்கை: இலைப் பால் வாயில் பட்டால் ஏழு நிமிடத்தில் இதயம் நிற்கும். மாற்று மருந்து கிடையாது.

அன்றிலிருந்து ஒருவரும் கிட்டே வரவில்லை. கீழ் வீட்டு அம்மா வாசற்படியில் நின்றே பேசிவிட்டுப் போனாள். என் மனைவி அந்த மூலையை நீளக் கம்புத் துடைப்பத்தால்தான் பெருக்கினாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் லிஃப்ட் இறங்குவதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

நம்பாத ஒரே ஆள் என் மச்சினன். அவன் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவனாக இருந்தவன். ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம். உறிஞ்சு, உருட்டு, துப்பு. அந்த நாக்கை நம்பிக் கப்பல் கப்பலாகத் தேயிலை போனது என்பான். நான் அட்டையை நம்புகிறவன் என்றால் அவன் நாக்கை நம்புகிறவன். எதையும் கையால் தொடுமுன் நாக்கால் தொட்டுவிடுவான். பசை, சோப்பு, பேட்டரி முனை, எதுவும் தப்பியதில்லை. என் கல்யாணத்தன்று மாலையிலிருந்து ஓர் இதழைப் பிய்த்துக் கடித்து, "நேத்துப் பறிச்ச பூ, ஏமாத்திட்டான்" என்று சபை நடுவில் சொன்னவன். என் மனைவிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உடன்பிறப்பு. சனிக்கிழமை தவறாமல் வருவான். வந்ததும் என் வாயைக் கிளறாமல் போக மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இலைத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். இரண்டு கடி. நாக்கில் ஒரு உருட்டு. தொழில்முறைப்படி கைக்குட்டையில் துப்பினான். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"பச்சைத் தண்ணி. கொஞ்சம் புல்லு. முடிவுல லேசா ஒரு..."

அதோடு நின்றது. வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை.

"நடிப்பு பிரமாதம், மச்சான்" என்றேன். "அழுகையும் வருமா?"

அழுகை வந்தது. இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். விரலிடுக்கில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. கையை எடுத்தபோது கீழுதடு சைக்கிள் டியூப் மாதிரி உப்பியிருந்தது. நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் வெளியே எட்டிப் பார்த்தது. "ஆ... ஆ..." என்றான். நூறு வகைத் தேயிலையைப் பற்றி நூறு நாள் பேசுகிறவனிடமிருந்து வந்தது அந்த ஒரு எழுத்துதான்.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. 

"என்னங்க, ஏழு நிமிஷம்!" என்று அலறினாள் என் மனைவி. "ரெண்டு நிமிஷம் போயிடுச்சு!"

லிஃப்டில் இறங்கினோம். தெருமுனையில் டாக்சி. பின் இருக்கையில் அவன் அக்கா மடியில் சாய்ந்திருந்தான். வண்டியின் முகப்பில் பச்சை எண்களில் ஒரு கடிகாரம். அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான். பதினொன்று இருபத்தைந்து. இருபத்தாறு. அந்த ஏழு நான் சும்மா போட்ட எண். பத்து என்று போட்டால் மந்தமாக இருந்தது, ஐந்து என்றால் அளப்பு மாதிரி தெரிந்தது, அதனால் ஏழு. எழுதியபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எண்ணைப் பார்த்து என் பல் தந்தியடித்தது. ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் காயில் பட்டுவிட்டதோ? நான் எழுதிய பொய் எனக்குத் தெரியாமலே நிஜமாக இருந்துவிட்டால்?

இருபத்தேழு.

அவன் மூச்சு விட்டான். விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு, ஆனாலும் விட்டான்.

இருபத்தெட்டு.

"ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கும், இல்லீங்க?" என்று கேட்டாள் அவள். குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பொய் என்று சொன்னால், அப்போ நிஜம் என்ன என்று கேட்பாள். நிஜம் என்னிடம் இல்லை. மூன்று வருடம் துடைத்து, நனைத்து, திருப்பி வைத்த செடிக்கு உண்மையான பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருத்துவமனை. டாக்டர் இளம்பெண், முகத்தைப் பார்த்தவுடனே எழுந்து வந்தார். "என்ன சாப்பிட்டார்?"

என் மனைவி பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அட்டை. கிளம்பும்போது தொட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்ன இது?"

"செடியோட அட்டை, டாக்டர். மூணு வருஷமா இவர் வளர்க்கிறது. எல்லாம் இதுல எழுதியிருக்கு."

"செடி எங்கம்மா? இலை?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உலகத்தில் எந்தக் குடும்பமும் கடித்த இலையைக் கையோடு கொண்டுவரும். ஸ்டோர் கீப்பர் குடும்பம் இலையைக் கூடத்தில் போட்டுவிட்டு அட்டையைக் கொண்டுவந்திருந்தது.

டாக்டர் அட்டையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் மாறியது. மச்சினனைச் சாய்ந்து உட்காரவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ஈசிஜி காகிதம் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது.

"துடிப்பு ஒழுங்கா இல்லை. இதுக்கு முன்னாடியும் இப்படியா?"

"ஹார்ட்டுக்கு மாத்திரை போடுறான், டாக்டர்" என்றாள் என் மனைவி. "நாலு வருஷமா."

"அப்ப இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டு வழிதான் இருக்கு. இந்த அட்டையில இருக்கிற மாதிரி இதயத்தைப் பிடிக்கிற விஷம்னா இங்க வெச்சிருக்கக் கூடாது, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஒரு மணி நேரப் பயணம். ஆனா இது வெறும் தொண்டை வீக்கம்னா வண்டியில ஏத்தவே கூடாது. வழியில தொண்டை அடைச்சா ஓடுற வண்டியில என்ன செய்ய முடியும்? எந்த விஷம்னு தெரியாம நான் எதைச் செஞ்சாலும் தப்பாப் போகலாம். அட்டையில இவ்ளோ தெளிவா எழுதியிருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுறேன்."

நர்ஸ் போனை எடுத்தார். இருபது நிமிடத்தில் வருகிறதாம்.

நான் வாயைத் திறந்தேன். 

"டாக்டர், அந்த அட்டை பொய்."

"என்ன?"

"நான் எழுதினது. யாரும் இலையைப் பறிக்கக் கூடாதுன்னு சும்மா எழுதினேன். பால், ஏழு நிமிஷம், எல்லாம் பொய்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னை நாலு லட்சம் தடவை முறைத்திருக்கிறாள், ஒவ்வொன்றையும் ரசித்திருக்கிறேன். இது முறைப்பே இல்லை. யாரோ தெரியாத ஆளை வழியில் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"சரி. உண்மையில அது என்ன செடி?" என்றார் டாக்டர்.

"தெரியாது."

"மூணு வருஷமா வளர்க்கிறீங்கன்னு சொன்னாங்க!"

"வளர்க்கிறேன். தெரியாது."

அவருக்குக் கோபப்படவும் நேரமில்லை. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள தெரிஞ்சாகணும். நான் ஐஸ் வெச்சு, வீக்கத்துக்கு ஊசி போடுறேன். நீங்க ஓடுங்க."

போனே வைத்துக்கொள்ளாத என் கையில் மனைவி தன் போனைத் திணித்தாள். 

ஓடினேன். அறுபத்தாறு வயதில் இரண்டு தெரு. நாய்கள்கூட வழிவிட்டன. லிஃப்ட் எங்கோ மேலே மாட்டிக்கொண்டிருந்தது. நாலு மாடிக்கு நாலாயிரம் படி. ஒவ்வொரு படியிலும் அந்த விசில் மூச்சு காதில் கேட்டது. கதவைத் திறந்தால் மூலையில் அது நின்றது, ஒரு மூலை பிய்ந்த இலையோடு, ஒன்றும் நடக்காத மாதிரி. செடிக்கு நான் மண் வாங்கும் நர்சரிக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, என் செடியோட பேரு சொல்லணும். இப்பவே."

"என்ன அண்ணே, மூணு வருஷமா போட்டோ கேட்டா பொக்கிஷம், காட்ட மாட்டேன்னீங்க. இன்னைக்கு என்ன..."

"என் மச்சினன் அதைக் கடிச்சுட்டான். நாக்கு வீங்கி மூச்சுத் திணறுது."

 மறுமுனையில் குரலே மாறியது. "எவ்ளோ உயரம்?"

"உத்தரத்தை இடிக்குது."

"அண்ணே!"

"என் நெத்தி வரைக்கும்" என்றேன்.

"இலை?"

"யானைக் காது அளவு..."

"யானையை விடுங்க. கையை விரிச்சு மேல வெச்சுப் பாருங்க. வெறுங்கையால தொடாதீங்க, உறை போட்டுக்கோங்க. கண்ணைக் கசக்காதீங்க."

பாத்திரம் கழுவும் ரப்பர் உறையை மாட்டினேன். அவசரத்தில் ஐந்து விரலும் ஒரே விரலுக்குள் போயின. திரும்ப மாட்டினேன். "ரெண்டு சாண் நீளம். ஒரு சாண் அகலம்."

"ஓட்டையோ கிழிசலோ இருக்கா?"

"இல்ல. முழு இலை. ஓரம் பச்சை, நடுவுல வெள்ளையா சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி."

"தண்டு?"

தண்டு எப்படி இருக்கும்? மூன்று வருடத்தில் தண்டை நான் பார்த்ததில்லை. மண்டியிட்டு இலைகளை விலக்கிப் பார்த்தேன். "பச்சைக் கரும்பு மாதிரி. கணு கணுவா, வளையம் வளையமா."

"இதுக்கு முன்னாடி வெட்டினப்போ உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் பழுத்த இலைகளை நறுக்கிய பிறகு முழங்கை வரை மூன்று நாள் அரித்தது. கொசுவின் மேல் பழியைப் போட்டேன். குருவி அளவு கொசு என்று கீழ் வீட்டுக்காரரிடம் கதைகூட விட்டேன்.

"அரிச்சுது. நிறைய."

"சரி, இதுதான் முக்கியம். ஒரு இலைக் காம்பை வெட்டுங்க. வெள்ளையா பால் வருதா, தண்ணி மாதிரி வருதா? நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க. பால் வந்தா வேற கதை."

கத்தரிக்கோலை வைத்து அழுத்தினேன். அந்த ஒரு விநாடி போல் நீளமான விநாடியை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அட்டையில் பால் என்று எழுதியவன் நான். பால் வந்துவிடக் கூடாதே என்று செடியிடம் கெஞ்சினேன்.

வெட்டுவாயில் ஈரம் ஊறியது. ஒரு சொட்டாகத் திரண்டது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

"தண்ணி! தண்ணிதாம்மா!"

"போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

அனுப்பினேன். "ஜன்னலுக்கு எதிர எடுத்திருக்கீங்க, கருப்பாப் பேய் மாதிரி நிக்குது. திரையை இழுத்துவிட்டு எடுங்க." திரையை இழுத்த வேகத்தில் கம்பியோடு வந்துவிட்டது. மறுபடி அதைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கையால் எடுத்து அனுப்பினேன். காத்திருந்தேன்.

"அதேதான். டிஃபன்பாக்கியா. வாயடைக்கிற செடின்னு நாங்க சொல்லுவோம். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும் பாருங்க, அந்த வம்சம். இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா இருக்கும், கடிச்சா அவ்வளவும் நாக்குல குத்திடும். இதயத்துக்கு ஒண்ணும் செய்யாது. தொண்டையைத்தான் பார்க்கணும். இலையோட ஓடுங்க, போனை வைக்காதீங்க, டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

பெயரிலேயே டிபனை வைத்துக்கொண்டால் என் மச்சினன் கடிக்காமல் என்ன செய்வான் என்று படியிறங்கும்போது ஒரு நினைப்பு வந்தது. என் புத்தி அப்படி. அடுத்த படியிலேயே அழுகையும் வந்தது.

இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் உறையோடே ஓடினேன். மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் அவன் அரை உட்காரலாக. பக்கத்தில் அவன் கையைப் பிடித்தபடி என் மனைவி ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டாள்.

"நிறுத்துங்க! ஏத்தாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் தெருவே நின்றது. இதில் மிகையில்லை, ஒரு பஸ் நிஜமாகவே நின்றது. டாக்டர் போனை வாங்கிக் காதில் வைத்தார். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தன் போனில் ஒரு படத்தை எடுத்து இலையோடு ஒப்பிட்டார். கேள்வி கேட்டார், பதில் கேட்டார். "முழுங்கினாரா?" என்று என்னைப் பார்த்தார்.

"இல்ல. துப்பினான். நான் பார்த்தேன்."

"நிச்சயமா?"

"முப்பது வருஷமா துப்புறதுதான் அவன் தொழில், டாக்டர்."

டாக்டர் ஆம்புலன்ஸ்காரரிடம் கையசைத்தார். "உள்ளே கொண்டு வாங்க. இங்கேயே பார்க்கலாம்."

அதோடு பயம் தீர்ந்துவிட்டதென்று நினைத்தால் அது தப்பு. பெயர் கிடைத்ததே தவிர வீக்கம் இறங்கவில்லை. நிமிர்ந்து உட்காரவைத்து, வாயை மறுபடி மறுபடி குளிர்ந்த தண்ணீரால் துடைத்து, ஐஸ் வைத்து, இன்னொரு ஊசியும் போட்டார்கள். கட்டில் பக்கத்து மேஜையில் ஒரு தட்டில் குழாயும் சின்னக் கத்தியும் தயாராக இருந்தன. அது எதற்கென்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தொண்டை மூடிட்டா கழுத்து வழியா மூச்சுக்கு வழி போடணும். ரெண்டு மணி நேரம் பார்ப்போம். ஏறாம இருந்தா இறங்கிடும்."

இரண்டு மணி நேரம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மனைவி, நடுவில் அந்த விசில் மூச்சு. விசில் ஏறினால் எங்கள் இருவர் முதுகும் நிமிரும். தணிந்தால் தளரும். ஒரு தடவை அது நின்றுவிட்டது. நான் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தேன். அவன் எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி விசிலடித்தான்.

"எனக்கு ஒருத்திக்காவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "பொய்னு தெரிஞ்சிருந்தா டாக்டர் கையில அதை நான் குடுத்திருப்பேனா?"

நழுவிய போர்வையை மச்சினன் கால்வரை இழுத்துவிட்டேன். 

ஒரு மணி நேரம் கழித்து மச்சினன் எழுதுவது போல் விரலை ஆட்டினான். நர்ஸ் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். கோணல் கோணலாக எழுதினான்: 'முடிவில் ஊசி.' எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. பாதியில் நின்ற தீர்ப்பை முடித்திருக்கிறான். அதன் கீழே இன்னொரு வரி எழுதினான். இந்தத் தடவை பேனா நடுங்கியது: 'நாக்கு இருக்கா?'

குனிந்து பார்த்தேன். "இருக்கு மச்சான். முன்னைவிட நிறையவே இருக்கு."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பா வலியா என்று சொல்ல முடியவில்லை. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அவளுடையதும் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டரை மணி சுமாருக்கு விசில் மெலிந்தது. டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரும் ஸ்பூனும் வரவழைத்தார்.

"ஒரே ஒரு ஸ்பூன். முழுங்க முடிஞ்சா தொண்டை வழி விட்டிருக்குன்னு அர்த்தம். புரை ஏறினா உடனே நிறுத்திடணும். அம்மா, நீங்க குடுங்க, உங்க கையில வாங்கிப்பார்."

மனைவி ஸ்பூனை எடுத்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். வீங்கிய உதட்டுக்கு நடுவில் எங்கே வாய் என்று தேடி மெதுவாகச் சாய்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டான். தண்ணீர் உள்ளே இருந்தது, அவன் விழுங்கவில்லை. பயப்படுகிறான் என்று புரிந்தது. என் மச்சினன் எதையாவது வாயில் வைத்துக்கொண்டு பயப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"முழுங்குடா, தம்பி" என்றாள் அவள். "ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

கழுத்தில் குரல்வளை மேலே ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. டாக்டரின் கை தட்டின் பக்கம் நகர்ந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீரில் அலை அடித்தது.

குரல்வளை கீழே இறங்கியது.

இருமல் வரவில்லை. டாக்டர் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. மச்சினன் கண்ணைத் திறந்து, தகரத்தை ஆணியால் கீறுவது மாதிரி ஒரு குரலில், "இன்னொரு ஸ்பூன், அக்கா" என்றான்.

அவள் கை நடுங்கி ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் டக் டக்கென்று மோதியது. நான் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் என் கையிலேயே விட்டுவைத்தாள்.